ஜெயமதி மிஸ்ஸின் சாயங்காலச் சாப்பாடு

சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் அதை அஸ்தமனம் என்று சொல்லலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியை ஒரு பெரியவர் எங்களை மாடியில் நிற்க வைத்துக் கேட்டார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கூட நின்றவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் எங்கள் கணக்கு மிஸ் எங்களோடு இருப்பாரா, போய்விடுவாரா என்பது அந்தப் பதிலில்தான் இருந்தது. நான் பார்த்ததையும், பிறகு ஜெயமதி மிஸ் சொல்லக் கேட்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஜெயமதி ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற தமிழ் ஜைனக் குடும்பம். எம்.எஸ்சி. கணக்கும் பி.எட்.டும் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு பாடத்துக்கு இத்தனை நாள்தான் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் புரியவில்லையே என்று இவர் ஒரே பாடத்தை வாரக்கணக்கில் நடத்தினார். கூப்பிட்டுக் கண்டித்தபோது, "புரியாத பாடத்தை முடிச்சு என்ன சார் பண்றது?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபிறகு மாடி ஸ்கூலில் சேர்ந்தார்.

மாடி ஸ்கூல் என்பது நாங்கள் வைத்த பெயர். கோயிலுக்குக் கிழக்கே ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். பள்ளியை விட்டு நின்றவர்களைச் சேர்த்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைப்பதற்காகப் பரசுராமன் சார் அதை நடத்துகிறார். சீருடை கிடையாது, பிரேயர் கிடையாது, பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களும் கிடையாது. விமல்ராஜ் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு கஃபேயின் சமையலறையில் வேலை பார்த்தான். கீர்த்தனாவின் வீடு அடி அண்ணாமலையில். ஒரு விடுதியில் துணி துவைத்து இஸ்திரி போடுகிற வேலை. வல்லரசு பஞ்சர் கடையில் இருந்தான். மற்றவர்களும் இதுபோலத்தான்.

ஜெயமதி மிஸ்ஸுக்கு ஒரு விநோதமான வழக்கம் உண்டு. சரியாக வந்த கணக்கைப் போர்டில் போட விடமாட்டார்.

"சரியா வந்தது எனக்கு எதுக்கு? அதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. தப்பா வந்தது யாருகிட்ட இருக்கு? வா, வந்து போடு."

முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. பள்ளியில் தப்புக்காக அடி வாங்கியவர்கள், வகுப்புக்கு வெளியே நின்றவர்கள், அதனாலேயே நின்றுபோனவர்கள். இங்கே தப்புப் போட்டவன்தான் ஹீரோ. எந்த வரி வரைக்கும் சரியாக வந்தது, எந்த வரியில் வழி மாறியது என்று வகுப்பே சேர்ந்து தேடும். கொஞ்ச நாளில் போட்டி வந்துவிட்டது.

"மிஸ், இன்னிக்கு என் தப்பு சூப்பர் தப்பு மிஸ், என்னுது போடலாம்" என்று விமல்ராஜ் கை தூக்குவான்.

அவன் ஒருமுறை கஃபேயில் செய்த தப்பை வகுப்புக்குக் கொண்டுவந்தான். வழக்கமான தட்டைப்போல இரண்டு மடங்கு அகலமான தட்டில் பீட்சா கேட்டிருக்கிறார்கள். இவன் மாவையும் இரண்டு மடங்கு எடுத்துத் தேய்த்திருக்கிறான்.

"அப்பளம் மாதிரி வந்துச்சு மிஸ். அந்த வெள்ளக்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தாரு. அந்தப் பக்கம் நின்ன எங்க மொதலாளி மூஞ்சி தெரிஞ்சுது."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டுக் காகிதத் தட்டுகளை வெட்டிக் கொடுத்தார். அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டதை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பொங்கல் முடிந்த வாரம், சிக்கல் வந்தது. வெளியூர் ஆட்கள் அதிகமாக வருகிற சீசன். கஃபேயிலும் விடுதியிலும் மதியத்தில் யாரையும் விடவில்லை. இரண்டரை மணி வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருந்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

பரசுராமன் சார் மிஸ்ஸைக் கூப்பிட்டுப் பேசினார். "புள்ளைங்களுக்கு அஞ்சு மணிக்குத்தான் வேலை முடியுது மிஸ். திங்கக்கெழமைலேர்ந்து அஞ்சு டு ஏழுன்னு மாத்திடலாம்னு இருக்கேன். உங்களால முடியும்ல?"

ஜெயமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முடியலன்னா தப்பில்ல. போளூர்ல ஒரு சார் கேட்டுட்டே இருக்காரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க."

முடியாததற்குக் காரணம் சாப்பாடு. ஜைனர்கள் சூரியன் மறைவதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காலையில்தான். யார் கட்டாயப்படுத்தியும் ஜெயமதி இதைச் செய்யவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் ராத்திரி சாப்பிட்டதே கிடையாது. வீட்டில் கணவர் வீரேந்திரன், மாமனார் பொன்னுசாமி நயினார், இவர் என மூன்று பேர். வீரேந்திரனுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை. அவரும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு வண்டியில் ஓடி வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஆபீஸுக்கு ஓடுவார். வீடு கோயிலுக்குப் பின்புறம், மலையடிவாரத்தில். நான்கரை தாண்டினால் மாமனார் வாசலில் வந்து நிற்பார். மலை நிழல் தெருவில் இறங்கி வாசற்படியை நெருங்கும்போது உள்ளே பார்த்து, "ஜெயா, தட்டைப் போடும்மா" என்பார். ஐந்து மணிக்குள் கை கழுவிவிடுவார்கள்.

ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் எப்படிப் போவது? மற்ற இருவரையும் விட்டுவிட்டு முன்னாலேயே தனியாகச் சாப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரவே நேரமாகிவிடும். தினமும் பிள்ளைகளைக் காக்க வைக்க அவருக்கு மனமில்லை. விரதத்தை விடவும் மனமில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும், "திங்கக்கெழமைலேர்ந்து வேற சார் வருவாரு, ஒழுங்கா படிங்க" என்றார்.

வல்லரசு எழுந்தான். "இன்னா மிஸ், எங்க மேல காண்டா?"

"சேச்சே. சாப்பாட்டு நேரம்டா." விஷயத்தைச் சொன்னார்.

"சாப்பாட்டுக்காகவா மிஸ் எங்கள வுட்டுட்டுப் போறீங்க?" என்றான் விமல்ராஜ். "நான் பார்சல் கொண்டாறேன் மிஸ்."

"வயித்துக்காக இல்லடா. சூரியன் மறைஞ்சிட்டா சாப்பிட மாட்டோம். அஞ்சு மணிக்கே மறைஞ்சிடுதே."

கீர்த்தனா முகத்தைச் சுருக்கினாள். "அஞ்சு மணிக்கா? எங்க வூட்டுல அப்போ வெயில் மூஞ்சில அடிக்கும் மிஸ். நான் லீவு நாள்ல ஆறு மணி வரைக்கும் துணி காய வைப்பேன். எங்களுக்குக் காலைலதான் சூரியன் லேட்டு."

ஜெயமதி கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கிறது. இவர் வீடு கிழக்கே. கணக்கு டீச்சருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் சாப்பாட்டையும் மலையையும் சேர்த்து அவர் யோசித்ததே இல்லை. பிறந்த ஊரில் கண்ணுக்கு எட்டின வரைக்கும் வயல். சூரியன் தரையைத் தொடுகிறவரை தெரியும். சாப்பாடு ஆறு மணி வாக்கில்தான். கல்யாணமாகி வந்தபோது, மாமனார் வீட்டில் விரதம் இன்னும் கெட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. புது மருமகள் பசிக்கிறது என்றா கேட்பாள்?

அன்று சாயங்காலம் கேட்டுவிட்டார். "மாமா, இங்க வர்றதுக்கு முன்னாடி ஊர்ல நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"ஊர்லயா? சூரியன் மறையறதுக்கு முன்னாடி."

"இங்க?"

"இங்கயும் சூரியன் மறையறதுக்கு முன்னாடிதான். இதென்ன கேள்வி?"

"காலண்டர்ல ஆறு மணிக்கு மேலன்னு போட்டிருக்கே மாமா."

"காலண்டர் போட்டவன் நம்ம தெருவுல நின்னா பார்த்தான்? கண்ணுல தெரியறதுதாம்மா சூரியன்."

"அடி அண்ணாமலைல இப்பவும் வெயில் அடிக்குதாம்."

"அடிக்கட்டும். அமெரிக்காவுல இப்போ விடியப்போவுது. அதுக்காக நான் ராத்திரி எழுந்து உப்புமா சாப்பிடலாமா? அவங்கவங்க எடத்துல எப்போ மறையுதோ, அதான் அவங்களுக்கு அஸ்தமனம்."

அந்த வாதத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது, எங்கே என்றுதான் ஜெயமதிக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மருமகள் வேலைக்குப் போக வேண்டும் என்று முதலில் சொன்னவரே மாமனார்தான். அவர் மனதை நோகடித்துவிட்டுத் தனியாக ஒரு நேரத்தில் சாப்பிட இவருக்கு இஷ்டமில்லை. எங்களை விடவும் இஷ்டமில்லை. "நாளைக்குப் பசங்கள வரச் சொல்லட்டுமா மாமா? நீங்களே அவங்களைக் கேளுங்க" என்றார்.

சனிக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர் அந்த வீட்டு மாடியில் நின்றோம். நயினார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கதையின் முதல் வரியில் இருக்கிற கேள்வியைக் கேட்டார். எல்லோரும் காலைப் பார்த்தோம்.

வல்லரசு மட்டும் நகர்ந்து போய், வெயிலை மறைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றான். "தாத்தா, இப்போ உங்களுக்குச் சூரியன் தெரியுதா?"

"தெரியல. நகரு."

"அப்போ அஸ்தமனம் ஆயிடுச்சா?"

நயினார் சிரித்துவிட்டார். "கெட்டிக்காரன்தான். ஆனா நீ நகருவே. மலை நகருமா?"

"டேய், சாமி மலைடா, அத்தோட உன்னை வச்சுப் பேசறியே" என்று விமல்ராஜ் அவன் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அந்த இடத்தில்தான் ஜெயமதிக்கு வழி தெரிந்தது. "மாமா, மலை நகர வேணாம். நகர்ந்தா நமக்கு எப்போ அஸ்தமனம் ஆகும்னு இந்த மாடியிலேர்ந்தே பசங்க கணக்குப் போடுவாங்க. அடி அண்ணாமலைலயும் அதே நேரத்துக்கு மறைஞ்சா, மலை நடுவுல நின்ன ஆளு மாதிரிதான்னு ஒத்துக்குவீங்களா?"

நயினார் யோசித்தார். "கணக்கு சரியா வந்தா ஒத்துக்கறேன். வரலன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

கீர்த்தனா அப்போதே பஸ் பிடித்து வீட்டுக்குக் கிளம்பினாள், அங்கிருந்து போனில் சூரியனைக் காட்டுவதற்கு. மற்றவர்கள் கருவி செய்தோம். 'உயரங்களும் தொலைவுகளும்' பாடத்தில் வருவதுதான்: பாகைமானியின் நேரான ஓரத்தில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு கனம். ஸ்ட்ரா விமல்ராஜின் கஃபேயிலிருந்து வந்தது, கனத்துக்கு வல்லரசு கடையின் நட்டு. ஸ்ட்ரா வழியாக மலையைப் பார்த்தால், நூல் தொங்குகிற இடத்தை வைத்து ஏற்றக்கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். விமல்ராஜ் பார்த்தான். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். மிஸ்ஸும் பார்த்தார். எல்லோருக்கும் இருபத்திரண்டு டிகிரி.

"ஒரு சுத்துக்கு முந்நூத்தி அறுபது டிகிரி. ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி நேரம். அப்போ சூரியன் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நகருது?" என்று மிஸ் கேட்டார்.

"பதினஞ்சு" என்றான் வல்லரசு. கணக்குக் கேள்விக்கு அவன் தானாக விடை சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், "சக்கரத்துக் கணக்கு எனக்குத் தெரியாதா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்றால் இருபத்திரண்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை. ஐந்து மணிக்கு முன்னே பின்னே சூரியன் மலைக்குப் பின்னால் போனது. அப்படியானால் உண்மையான அஸ்தமனம் ஆறரைக்கு. வீட்டார் மூவரும் வழக்கம்போல் முன்னாலேயே சாப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். திரையில் அடி அண்ணாமலை வெயில் பளபளத்தது. ஆனால் ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே கீர்த்தனாவின் குரல் கேட்டது. "போச்சு மிஸ். மறைஞ்சிடுச்சு."

நயினார் தொடையைத் தட்டினார். "உங்க கணக்குப்படி இன்னும் இருக்கணுமே! எங்க காணோம்?"

எங்களுக்கு முகம் செத்துப்போனது. மிஸ் போய்விடுவார், முடிந்தது என்று நினைத்தோம். ஆனாலும் ஜெயமதியைப் பழக்கம் விடவில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

"தப்பு வந்தாச்சுல்ல? விமல், போய்ப் போடு."

தண்ணீர்த் தொட்டியின் சுவர்தான் போர்டு. வரிவரியாகத் தேடினோம். முந்நூற்று அறுபது சரி. இருபத்திநாலு சரி. வகுத்தது சரி.

"கோணம் எப்படி எடுத்தே?"

"மலையைப் பார்த்துதான் மிஸ்."

"மலைல எங்க?"

"உச்சியைத்தான். வேற எங்க பார்ப்பாங்க?"

அதைச் சொன்னதும் மிஸ் திரும்பி மலையைப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. திருவண்ணாமலையில் மலை என்று சொன்னால் எல்லோர் கண்ணும் உச்சிக்குத்தான் போகும். தீபம் ஏற்றுகிற இடம் அது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாக உச்சியைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். அளந்த அத்தனை பேரும், அவர் உட்பட, கொஞ்சமும் யோசிக்காமல் உச்சியை அளந்திருக்கிறார்கள்.

"சூரியன் உச்சிலயா எறங்குச்சு?"

வல்லரசு கையை நீட்டி இடதுபக்கம் காட்டினான். "தோள்பட்டைல மிஸ்! தை மாசம்ல, தெக்கால சாஞ்சு எறங்குது!"

விமல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, இது என் பீட்சாவை விடப் பெரிய தப்பு மிஸ்."

உடனே தோள்பட்டையை அளந்தோம். பதினைந்து டிகிரி. சரியாக ஒரு மணி நேரம். கீர்த்தனா சொன்ன நேரத்துக்கு மிகக் கிட்டத்தில் வந்தது. கூச்சல் போட்டோம்.

நயினார் கையைக் காட்டி அடக்கினார். "விடை தெரிஞ்சப்புறம் கணக்கைத் திருத்தறதா? எந்தப் பரீட்சைல அப்படி விடுவாங்க? நாளைக்கு முன்னாடியே சொல்லுங்க, பார்க்கலாம்."

"மாமா சொல்றது நியாயம்" என்றார் ஜெயமதி.

ஞாயிற்றுக்கிழமை அதே மாடி. இந்த முறை சூரியன் மறைவதற்கு முன்னாலேயே தொட்டிச் சுவரில் விடையை எழுதிவிட்டோம்: நிழல் விழுந்ததிலிருந்து ஒரு மணி நேரம். "நேரா எறங்காம சாஞ்சு எறங்கறதால அஞ்சு பத்து நிமிஷம் ஜாஸ்தி ஆவலாம் மாமா" என்று மிஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"அஞ்சு பத்தெல்லாம் தள்ளுபடி" என்றார் நயினார் பெருந்தன்மையாக.

நேரம் நெருங்க நெருங்க எல்லோரும் போனை ஒட்டி உட்கார்ந்தோம். போன் திரையில் திடீரென்று ஒரு ஆட்டின் முகம் வந்தது.

"சூரியனைக் காட்டச் சொன்னா ஆட்டைக் காட்டறியேம்மா!"

"அது வந்து நிக்குது ஐயா, நான் என்ன பண்றது? ஏய், ச்சூ, போ!"

ஆடு நகர்ந்தது. தொடுவானத்தில் சிவப்பாக ஒரு கீற்று மட்டும் இருந்தது. நயினார் போனை வாங்கி மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டார். கீற்று கரைந்தது. வீரேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சில நிமிடம்தான் ஆகியிருந்தது.

நயினார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஜெயமதிக்குப் பிடிபடவில்லை.

"ஊரை விட்டு வந்தப்போ கட்டில், குதிர் எல்லாத்தையும் வண்டில ஏத்தினோம். ஊர் வழக்கத்தையும் அப்படியே ஏத்திட்டு வந்துட்டேன் போல" என்றார். "மலையைக் கணக்குல சேர்க்கணும்னு தோணவே இல்லம்மா. இத்தினி வருஷமா ராத்திரியானா பசி உயிர் போவுது. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்களே, நான் எப்படிச் சொல்றதுன்னு தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துடுவேன்."

"எனக்கும்தான்பா" என்றார் வீரேந்திரன். "நீங்க பேசாம இருக்கீங்களேன்னு நானும் சொல்லல."

இருவரும் ஜெயமதியைப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "நான் தினமும் பால்காரர் எப்போ வருவார்னு காத்துட்டு இருப்பேன் மாமா."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அஞ்சரைக்கு எங்க இருந்தாலும் வெளிச்சத்துல உட்கார்ந்து சாப்பிடு, அது போதும்" என்றார் நயினார். "போம்மா, அந்த சாருக்குப் போன் போடு. போளூர்க்காரரு வண்டி ஏறிடப் போறாரு."

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு பெஞ்சு நிரம்பி இருந்தது. ஐந்தரைக்கு மிஸ் எங்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். லெமன் சாதமும் வாழைக்காய் வறுவலும். வறுவலில் பாதியை வல்லரசு தின்றான். ஏழு மணி வரை பாடம் நடந்தது. பரீட்சை வரைக்கும் ஒரு நாள்கூட அந்த வகுப்பு நிற்கவில்லை.

கீர்த்தனாவும் விமல்ராஜும் அந்தத் தடவையே கணக்கில் பாஸானார்கள். வல்லரசு பாஸாகவில்லை. அவனுடைய விடைத்தாளில் இருந்த தப்புகளை மிஸ் கேட்டுக் கேட்டுப் போர்டில் போட வைத்தார். துணைத்தேர்வில் அவனும் தேறினான்.

உங்கள் தெருவில், உங்கள் கடையில், உங்கள் சொந்தத்தில் கணக்குக்குப் பயந்து பள்ளியை விட்டு நின்றவர் யாராவது இருப்பார்கள். இதை அவர்களிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாது என்றால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். தப்பாகப் போட்ட கணக்கோடு வா என்று கூப்பிடுகிற ஒரு மாடி இந்த ஊரில் இருக்கிறது என்றும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தால் போதும் என்றும் சொல்லுங்கள்.